மஞ்சளும் நீலமும் சேர்ந்தால்

தீபாவளி நெருங்கும்போது பிரிக்பீல்ட்ஸின் ஜாலான் துன் சம்பந்தனிலோ கிள்ளானின் ஜாலான் தெங்கு கிளானாவிலோ ஒருமுறை நடந்து பாருங்கள். பூமாலைக் கடைக்கும் பலகாரக் கடைக்கும் நடுவே சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை, ஊதா என்று கோலப்பொடி பைபையாக அடுக்கியிருக்கும். பக்கத்திலேயே நிறமேற்றிய அரிசியும் இருக்கும். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் இந்த அரிசியைப் பார்த்துக் கொஞ்சம் யோசிப்பார்கள். மலேசியாவில் வணிக வளாகத்தின் நடுக்கூடத்திலும் பள்ளி மண்டபத்திலும் போடுகிற பெரிய கோலங்கள் பெரும்பாலும் சாயம் தோய்த்த அரிசியால் ஆனவை. பொடியைப்போல அது காற்றில் பறப்பதில்லை; பண்டிகை முடியும்வரை பார்வைக்கு நிற்கும்.

பாலர் பள்ளிகளிலும் இந்தச் சமயத்தில் அரிசிக்குச் சாயமேற்றும் வேலை நடக்கும். பிளாஸ்டிக் பையில் ஒரு கைப்பிடி அரிசி, சில சொட்டு உணவுச் சாயம், கொஞ்சம் வினிகர். பையின் வாயைக் கட்டிக் கொடுத்தால் ஐந்து வயதுப் பிள்ளைகள் குலுக்கிக்கொண்டே இருப்பார்கள். முதலில் சாயம் ஒரு மூலையில் அப்பிக்கொண்டு நிற்கும். பிறகு ஒவ்வொரு மணியாகப் பிடித்து, இரண்டு நிமிடத்தில் பை முழுவதும் ஒரே நிறமாகிவிடும். அதைக் காகிதத்தில் பரப்பி உலர்த்த வேண்டும். பொறுமையில்லாத பிள்ளையின் உள்ளங்கை அன்று மாலைவரை மஞ்சளாகவே இருக்கும்.

நான் பேச வந்தது இதற்கு அடுத்த கட்டத்தைப் பற்றி. மஞ்சளும் நீலமும் சேர்ந்தால் பச்சை என்று வகுப்பில் படித்த பிள்ளை, மஞ்சள் அரிசியையும் நீல அரிசியையும் ஒரே தட்டில் கொட்டிக் கிளறுகிறது. பச்சை வரவில்லை. இன்னும் வேகமாகக் கிளறுகிறது. அப்போதும் வரவில்லை. அருகில் நிற்கும் பெரியவர்களில் பலர் அந்த நேரத்தில் செய்வது, கடையில் வாங்கிய பச்சை அரிசிப் பையை எடுத்து நீட்டுவதுதான். கோலம் முடிய வேண்டுமே என்ற அவசரம் புரிகிறது. ஆனால் ஒரு நல்ல அறிவியல் பாடம் அந்த இடத்தில் கை நழுவிப் போய்விடுகிறது. பிள்ளை கண்டது உண்மை. மஞ்சளும் நீலமும் சேர்ந்தால் என்ன வரும் என்ற கேள்விக்கு ஒற்றை விடை கிடையாது. எந்தப் பொருளை, எப்படிச் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும். சிறு பிள்ளைகளுக்கு நிறக்கலவையைக் கற்பிக்கும்போது நாம் முதலில் காட்ட வேண்டியது இந்த மாற்றத்தைத்தான்.

பச்சை வருகிற இடத்திலிருந்தே தொடங்கலாம். வெள்ளை நிற ஐஸ் தட்டு ஒன்று, மருந்துச் சொட்டான் ஒன்று, மஞ்சள், நீல உணவுச் சாயம் கரைத்த தண்ணீர் இரண்டு குவளை. இவ்வளவுதான் தேவை. ஒரு குழியில் மஞ்சள் நீர் ஐந்து சொட்டு விட்டு, அதில் நீலம் ஒரு சொட்டு விடச் சொல்லுங்கள். உடனே இளம்பச்சை. அடுத்த குழியில் மாற்றிச் செய்யச் சொல்லுங்கள்: நீலம் ஐந்து சொட்டு, மஞ்சள் ஒரு சொட்டு. பார்வைக்கு மாற்றமே இருக்காது, இன்னொரு சொட்டு, இன்னொரு சொட்டு என்று விட்டுக்கொண்டே போக வேண்டியிருக்கும். நீலம் ஆளை விழுங்குகிற நிறம் என்பதைப் பிள்ளையே கண்டுபிடிக்கும். சொட்டுகளை எண்ணுகிற கை அப்படியே கணக்கும் படிக்கிறது. மூன்றுக்கு ஒன்று, இரண்டுக்கு இரண்டு என்று குழி குழியாக வரிசைப்படுத்தினால் மாங்காய்ப் பச்சையிலிருந்து கடல் பச்சைவரை ஒரு வரிசை கிடைக்கும்.

இங்கே நடப்பது கழித்தல். வெள்ளை ஒளியில் எல்லா நிறங்களும் அடங்கியிருக்கின்றன. மஞ்சள் சாயம் அதிலிருந்து நீலத்தையும் ஊதாவையும் விழுங்கிவிட்டு, சிவப்பையும் மஞ்சளையும் பச்சையையும் விட்டுவைக்கிறது. நீலச் சாயம் சிவப்பையும் மஞ்சளையும் விழுங்கிவிட்டு, நீலத்தையும் ஓரளவு பச்சையையும் விட்டுவைக்கிறது. இரண்டும் ஒரே நீரில் கரைந்திருக்கும்போது ஒளி இரண்டு காவலர்களையும் தாண்டித்தான் வெளியே வர வேண்டும். இருவரும் விடுகிற ஒரே நிறம் பச்சை. ஆகவே பச்சை என்பது புதிதாகப் பிறந்த நிறம் அல்ல. இரண்டு சாயங்களும் தின்றது போக மிஞ்சிய ஒளி அது. மூன்று நான்கு நிறங்களைச் சேர்த்துவிட்டால் மிஞ்சுவதற்கு ஒன்றும் இருக்காது, சேற்று நிறம் வரும். எல்லாப் பிள்ளையும் ஒருமுறையாவது எல்லாச் சாயத்தையும் ஒன்றாகக் கொட்டிப் பார்க்கும். பார்க்கட்டும். தண்ணீரும் சாயமும் மலிவானவை.

அரிசிக்கு வருவோம். அரிசிமணிகள் ஒன்றுக்குள் ஒன்று கரைவதில்லை. மஞ்சள் மணியில் பட்ட ஒளி மஞ்சளாகவே திரும்புகிறது, நீல மணியில் பட்டது நீலமாகவே திரும்புகிறது. எந்த ஒளிக்கதிரும் இரண்டு சாயங்களையும் கடக்கவில்லை. கிட்டத்தில் பார்த்தால் தனித்தனி மணிகள் தெரியும். எட்டிப்போனால் வேறு கதை. நல்ல கண்ணால் பிரித்தறிய முடிகிற மிகச் சிறிய கோணம் ஏறத்தாழ ஒரு பாகையில் 60இல் ஒரு பங்கு. அரிசிமணியின் அகலம் சுமார் 2 மில்லிமீட்டர். கணக்குப் போட்டால், ஏழு மீட்டர் தொலைவுக்கு அப்பால் மணிகள் தனித்தனியாகத் தெரியாமல் ஒன்றாகக் குழைந்துவிடும். வணிக வளாகத்தின் இரண்டாம் மூன்றாம் மாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே உள்ள கோலத்தைப் பார்க்கிறவர்களுக்கு இந்தக் குழைவு தெரியும். கலந்து கொட்டிய மஞ்சள், நீல அரிசி அங்கிருந்து சாம்பல் பூத்ததுபோல் இருக்கும். பிள்ளைகளை மேலே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். பள்ளியில் மாடி இருந்தால் அதுவே போதும்: கீழே ஒரு தட்டு, மேலே வரிசையாகப் பிள்ளைகள், என்ன நிறம் தெரிகிறது என்ற ஒரே ஒரு கேள்வி.

பொடியின் நிலை இரண்டுக்கும் நடுவில். துகள்கள் மிக நுண்ணியவை என்பதால் ஒளி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவித் தாவி வெளியே வருகிறது. அதனால் கழித்தலும் நடக்கும், கண்ணில் குழைவதும் நடக்கும். மஞ்சள் கோலப்பொடியையும் நீலப்பொடியையும் கலந்தால் வருகிற மங்கிய, புழுதி படிந்த பச்சைக்குக் காரணம் இதுதான். இப்படிப் பொடி கலந்து பார்த்தவர்களில் ஐசக் நியூட்டனும் ஒருவர். 1704இல் வெளியான ‘ஆப்டிக்ஸ்’ நூலில் அதை எழுதியிருக்கிறார். நம் சித்த மருத்துவர்களும் அறிந்த மஞ்சள் அரிதாரத்தோடு ஊதா, பச்சை, நீலப் பொடிகளைக் கலந்தார். சாம்பல் நிறம் வந்தது. அந்தச் சாம்பலை வெயிலிலும், பக்கத்தில் ஒரு வெள்ளைக் காகிதத்தை நிழலிலும் வைத்தார். அப்போது வந்த நண்பரை எட்ட நிறுத்தி, இரண்டில் எது வெண்மை என்று கேட்டார். இரண்டுமே நல்ல வெள்ளைதான் என்றாராம் நண்பர். சாம்பல் என்பது மங்கலான வெள்ளை. எவ்வளவு வெளிச்சம் படுகிறது என்பதில்தான் வேறுபாடு. கிள்ளானில் ஒரு பாலர் பள்ளி வாசலில் காலை வெயிலில் இதே சோதனையைச் செய்யலாம், செலவு சில ரிங்கிட்கூட ஆகாது.

பிள்ளைகளுக்கு இதைவிடப் பிடிப்பது பம்பரம். மலாய்ப் பிள்ளைகளின் பம்பரமான காசிங்கும் ஆகும். தடித்த அட்டையை வட்டமாக வெட்டி, ஒரு பாதிக்கு மஞ்சளும் மறுபாதிக்கு நீலமும் தீட்டுங்கள். நடுவில் ஒரு குச்சியைச் செருகிச் சுழற்றினால் இரண்டு நிறமும் மறைந்து சாம்பல் தெரியும். பாதிகளின் அளவைக் கொஞ்சம் மாற்றினால் சாம்பலில் மஞ்சளோ நீலமோ லேசாக ஏறும். பச்சை எந்த அளவிலும் வராது. 1849இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஃபோர்ப்ஸ் என்ற பேராசிரியர் இப்படித்தான் வட்டுகளைச் சுழற்றிப் பார்த்து, மஞ்சளும் நீலமும் பச்சை தரவில்லையே என்று வியந்தார். அருகிருந்து பார்த்த பதின்ம வயது மாணவர் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல். பின்னாளில் மின்காந்தக் கொள்கையால் உலகப் புகழ்பெற்ற அதே மாக்ஸ்வெல். அந்த வட்டுகளை அவர் விடவில்லை. சுழல் அட்டையைக் கொண்டே நிறங்களை அளக்கும் முறையை 1850களில் உருவாக்கினார். ஐரோப்பிய ஓவியர்கள் நூற்றாண்டுகளாகத் தட்டில் மஞ்சளையும் நீலத்தையும் குழைத்துப் பச்சை எடுத்து வந்ததால், அறிஞர்களும் ஒளியிலும் அப்படித்தான் நடக்கும் என்று நம்பியிருந்தார்கள். 1852இல் ஜெர்மனியின் ஹெல்ம்ஹோல்ட்ஸ் நிறமாலையிலிருந்து மஞ்சள் ஒளியையும் கருநீல ஒளியையும் மட்டும் பிரித்தெடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக விழச் செய்தார். வெள்ளை வந்தது. ஒளியைக் கூட்டுவது வேறு, சாயத்தால் ஒளியைக் கழிப்பது வேறு என்று தெளிவாகப் பிரித்துச் சொன்னவர் அவர்தான். ஐந்து வயதுப் பிள்ளை அரிசித் தட்டின் முன் விழித்த அதே இடத்தில் அறிவியல் உலகமும் 170 ஆண்டுகளுக்கு முன் விழித்து நின்றிருக்கிறது.

மஞ்சளும் நீலமும் சேர்ந்து வெள்ளை ஆவதைக் காட்டுவதற்கு இன்று ஆய்வகம் தேவையில்லை. வகுப்பறையின் கூரையிலேயே அது தொங்குகிறது. எல்.இ.டி. விளக்கு ஒன்றை அணைத்துவிட்டு, மேல்மூடியைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே சின்னச் சின்ன மஞ்சள் கட்டங்கள் தெரியும். எரியும்போது வெள்ளையாகத் தெரிகிற விளக்குக்குள் மஞ்சள் எப்படி வந்தது? அந்த மஞ்சள் பூச்சுக்கு அடியில் இருப்பது நீல ஒளி தரும் சில்லு. அதன் நீல ஒளியில் ஒரு பகுதி பூச்சைத் தாண்டி அப்படியே வெளியே வருகிறது. மறுபகுதியைப் பூச்சு உறிஞ்சி மஞ்சள் ஒளியாக மாற்றி அனுப்புகிறது. இரண்டும் கண்ணில் சேரும்போது வெள்ளை. அந்த நீலச் சில்லை உருவாக்க உலகம் பல ஆண்டுகள் போராடியது. அதைச் சாதித்த அகாசாகி, அமானோ, நகாமுரா ஆகிய மூவருக்கும் 2014ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. தீபாவளிக்கு ஜாலான் துன் சம்பந்தன் நெடுகத் தொங்கவிடும் வெள்ளைச் சரவிளக்கிலும் இதே கணக்குதான் எரிகிறது. ஒரு எச்சரிக்கை: மூடியைக் கழற்றுவது பெரியவர் வேலை, மின்சாரம் துண்டித்த பழைய விளக்கில் மட்டும். எரிகிற எல்.இ.டி.யை உற்றுப் பார்க்கப் பிள்ளைகளை விடக் கூடாது.

இப்போது ஒரு பெரிய கேள்வி எழ வேண்டும். மஞ்சளும் நீலமும் மட்டுமே உள்ள ஒளி, சூரியனின் ஏழு நிற வெள்ளையைப் போலவே தெரிவது எப்படி? விடை விளக்கில் இல்லை, நம் கண்ணில் இருக்கிறது. விழித்திரையில் நிறம் காண்பதற்கென்று மூன்று வகைக் கூம்புச் செல்கள் உள்ளன. ஒரு வகை 420 நானோமீட்டர் அலைநீளத்துக்கு அருகிலும், இன்னொன்று 530க்கு அருகிலும், மூன்றாவது 560க்கு அருகிலும் அதிகமாகத் தூண்டப்படுகின்றன. உலகத்தில் எத்தனை ஆயிரம் விதமான ஒளி இருந்தாலும் கண் மூளைக்கு அனுப்புவது இந்த மூன்று எண்ணிக்கைகளை மட்டுமே. மூன்றும் ஒன்றாக அமைந்துவிட்டால், உள்ளே இருக்கிற ஒளி எப்படிப்பட்டதானாலும் ஒரே நிறமாகவே தெரியும். கண்ணில் மூன்று வகை உணர்விகள் இருக்க வேண்டும் என்று 1802 வாக்கிலேயே தாமஸ் யங் ஊகித்தார். மாக்ஸ்வெல் 1861இல் அதைக் கண்முன் நிறுத்தினார். ஸ்காட்லாந்துக் கட்டம் போட்ட நாடா ஒன்றைச் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் வழியே மூன்று முறை படமெடுக்கச் செய்து, மூன்று படங்களையும் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷன் திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக விழ வைத்தார். நாடா நிறத்தோடு தெரிந்தது. இன்றைய தொலைக்காட்சி, கணினி, கைப்பேசித் திரைகள் அத்தனைக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது.

இதைப் பிள்ளைக்குக் காட்ட ஒரு சொட்டு தண்ணீர் போதும். திரையில் பளிச்சென்ற மஞ்சள் படம் ஒன்றை வையுங்கள். விரல் நுனியால் மிகச் சிறிய ஒரு துளி நீரைத் திரைமேல் வையுங்கள். துளி உருப்பெருக்கியாக வேலை செய்யும். அதற்குள் பார்த்தால் மஞ்சளே இருக்காது. சிவப்பும் பச்சையுமாகச் சிறு சிறு கோடுகள் தெரியும். படத்தை வெள்ளைக்கு மாற்றினால் நீலக் கோடும் சேர்ந்து எரியும். புதிய கைப்பேசிகளில் புள்ளிகள் மிக நெருக்கம் என்பதால் பழைய மடிக்கணினித் திரையில் இன்னும் தெளிவாகத் தெரியும். மஞ்சள் தூளையும் திரை மஞ்சளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற பிள்ளைக்கு, ஒரே நிறம் இரண்டு வேறு வழிகளில் வரலாம் என்பது நேரடியாகப் புரியும். கூம்புச் செல்லின் பெயரைப் பத்து வயதில் படித்துக்கொள்ளலாம். ஐந்து வயதில் அந்தத் துளியைப் பார்த்திருந்தால் போதும்.

வகுப்பறைச் சுவர்களில் ஒட்டியிருக்கும் சிவப்பு, மஞ்சள், நீல வட்டத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இவை மூன்றுமே அடிப்படை நிறங்கள், இவற்றிலிருந்து எல்லா நிறமும் வரும் என்று அதன்கீழ் எழுதியிருக்கும். அதை நம்பிச் சிவப்பையும் நீலத்தையும் குழைக்கிற பிள்ளைக்குப் பல நேரம் கிடைப்பது கத்தரிக்காய் ஊதா அல்ல, அழுக்குப் பழுப்பு. தன் கைதான் சரியில்லை என்று அது நினைத்துக்கொள்ளும். எனக்கு மிகவும் வருத்தம் தருகிற காட்சி அது. தவறு பிள்ளையினுடையதல்ல. சாதாரணச் சிவப்புச் சாயம் நீலத்தை விழுங்குகிறது, நீலச் சாயம் சிவப்பை விழுங்குகிறது. ஊதா வர மிச்சமே இருப்பதில்லை. சிவப்புக்குப் பதிலாக மெஜந்தா என்ற கருஞ்சிவந்த ரோஜா நிறத்தையும், நீலத்துக்குப் பதிலாகச் சயான் என்ற வான்நீலத்தையும் கொடுத்தால் பளிச்சென்ற ஊதா வரும். அச்சுத் தொழில் இதை எப்போதோ தெரிந்துகொண்டது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லெ பிளான் என்ற அச்சுக் கலைஞர் நீலம், மஞ்சள், சிவப்பு என்று மூன்று தகடுகளால் வண்ணப்படம் அச்சிட்டார். இன்றைய அச்சு சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மையில் நடக்கிறது. வீட்டில் உள்ள பிரிண்டரின் மைக்குப்பிகளைத் திறந்து காட்டுங்கள். தமிழ் நாளிதழ் ஒன்றின் வண்ணப் படத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்க்கச் செய்யுங்கள். நடிகரின் முகம் முழுவதும் புள்ளிகளாகச் சிதறியிருக்கும். பாலர் பள்ளிக்குச் சாயம் வாங்கும்போது அந்த இரண்டு நிறங்களையும் சேர்த்து வாங்குங்கள் என்று ஆசிரியர்களிடம் உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன்.

இதுவரை சொன்னது கலவை. நம் வீடுகளில் இன்னொரு வகையும் உண்டு. நிறம் கலக்காமலே மாறிவிடும். ஆரத்திக்கு மஞ்சள் நீரில் சுண்ணாம்பைக் கரைத்ததும் அது இரத்தச் சிவப்பாவதைப் பார்க்காத தமிழ்ப் பிள்ளை இருக்காது. மஞ்சளும் வெள்ளையும் சேர்ந்தால் வெளிர் மஞ்சள்தானே வர வேண்டும்? மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற பொருள் காரத்தைச் சந்தித்ததும் அதன் மூலக்கூறு மாறுகிறது, விழுங்கும் ஒளியும் மாறுகிறது, அதனால் சிவப்பாகத் தெரிகிறது. சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பெரும் கேடு, ஆகவே பிள்ளைகள் கையில் அதைக் கொடுக்கவே கூடாது. சவர்க்காரம் போதும். வெள்ளைத் துணியில் மஞ்சள் நீரால் ஒரு படம் வரையச் சொல்லி, காய்ந்த பிறகு சவர்க்கார நீரைத் தூரிகையால் தொட்டு வைக்கச் சொல்லுங்கள். தொட்ட இடமெல்லாம் சிவக்கும். அதன்மேல் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டால் மறுபடி மஞ்சள். கலந்த நிறத்தை எளிதில் பிரிக்க முடியாது, இந்த மாற்றத்தைத் திருப்ப முடிகிறது. இரண்டும் வேறு வேறு நிகழ்ச்சி என்பதற்குப் பிள்ளையே சாட்சி.

இந்தச் சோதனைக்கு மலேசியாவில் நமக்குக் கிடைத்த செல்வம் சங்குப்பூ. மலாய்க்காரர்கள் புங்கா தெலாங் என்பார்கள். நாசி கெராபு சோற்றுக்கும் நோன்யா பலகாரமான பூலுட் தாய் தாய்க்கும் நீலம் தருவது இதுதான். குறிஞ்சிப்பாட்டு அடுக்கிச் சொல்லும் பூக்களின் பட்டியலில் கருவிளை என்று வருவதும் இதே கொடிதான். தாமான் வீடுகளின் முன்வேலியில் யாரும் கவனிக்காமல் பூத்துக் கிடக்கும். பத்துப் பூவைப் பறித்து, காம்புப் பச்சையை நீக்கி, வெந்நீரில் போட்டு வைத்தால் சில நிமிடத்தில் இதழ்கள் வெளுத்துத் தண்ணீர் ஆழ்ந்த நீலமாகும். ஆறிய பிறகு மூன்று கண்ணாடிக் குவளையில் ஊற்றுங்கள். ஒன்றில் எலுமிச்சைச் சாறு பிழிந்தால் ஊதாவாகி, மேலும் பிழிந்தால் ரோஜா நிறத்தை நெருங்கும். இரண்டாவதில் சமையல் சோடா போட்டால் நீலப்பச்சையாகும். மூன்றாவதில் மஞ்சள் தூளைக் கலக்கினால் பச்சை. முதல் இரண்டும் அமிலத்தாலும் காரத்தாலும் வந்த மாற்றம். மூன்றாவதே அசல் கலவை. எது எந்த வகை என்று கண்டுபிடிக்க, ஒவ்வொன்றையும் திருப்ப முடிகிறதா என்று முயன்று பார்க்கச் சொல்லுங்கள். எலுமிச்சை விட்ட குவளையில் சோடாவைச் சிறிது சிறிதாகப் போட்டால் நுரைத்துக்கொண்டு ஊதா நீலத்துக்குத் திரும்பும். மஞ்சள் தூள் கலந்த குவளை எதைப் போட்டாலும் பழைய நீலத்துக்கு வராது. இந்தப் பூவின் சாற்றை உணவு நிறமாகப் பயன்படுத்த அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2021இல் அனுமதி தந்தது. நம் ஊர் அடுப்படிகளில் பாட்டிமார்களின் கையில் அது நெடுங்காலமாக இருக்கிறது.

மலேசியாவின் தேசியப் பாலர் பள்ளித் தர அடிப்படையிலான கலைத்திட்டம் 2010இல் வந்து, 2017இல் திருத்தப்பட்டது. நான்கு முதல் ஆறு வயதுப் பிள்ளைகள் விளையாடிக்கொண்டே கற்க வேண்டும், பார்த்து, கேட்டு, செய்து அறிய வேண்டும் என்று அது சொன்னது. ஆகவே மேலே சொன்ன எதையும் பாடத்திட்டத்துக்கு வெளியே போய்ச் செய்ய வேண்டியதில்லை. இந்தக் கருத்துக்கு நம் பக்கத்தில் வரலாறும் உண்டு. மரியா மாண்டிசோரி 1939இல் சென்னை அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்தார். போர்க்காலத்தில் கொடைக்கானலில் தங்கியிருந்தும் குழந்தைகளோடு பணியாற்றினார். அவருடைய நிறத் தகடுகளில் மூன்றாவது பெட்டியில் ஒன்பது நிறங்கள், ஒவ்வொன்றிலும் ஏழு சாயல், ஆக 63 தகடுகள். அடர்த்தி வாரியாக அவற்றை அடுக்கும் பிள்ளையின் கண் கூர்மையடைகிறது. கண்ணைப் பழக்க அது அருமையான கருவி. ஆனால் தகடு முன்பே செய்து முடிக்கப்பட்டது, அதில் பிள்ளைக்கு எதிர்பாராதது எதுவும் நேராது. ஐஸ் தட்டிலும் அரிசியிலும் நேரும். இரண்டும் வேண்டும் என்பது என் கருத்து. ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் அரிசியையே எடுப்பேன்.

பாத்திக் தீட்டுவதும் இந்த வரிசையில் சேரும். கோலாலம்பூர் ஜாலான் கோன்லேயில் உள்ள கைவினை வளாகத்தில் குடும்பத்தோடு சென்று பாத்திக் தீட்டலாம். உருகிய மெழுகால் ஓரம் கட்டிய பூவுக்குள் ஈரத் தூரிகையால் மஞ்சளை வைத்து, அது காய்வதற்குள் பக்கத்தில் நீலத்தைத் தொட்டால், இரண்டும் துணியின் இழைகள் வழியே ஊர்ந்து வந்து நடுவில் சந்தித்துப் பச்சையாகும். மெழுகுக் கோட்டில் மட்டும் நின்றுவிடும். நிறம் நடந்துபோவதை இவ்வளவு நிதானமாகக் காட்டுகிற வேறு ஊடகம் எனக்குத் தெரியாது.

ஆசிரியர்கள் மறக்கக் கூடாத ஒன்று இருக்கிறது. ஆண்களில் நூற்றுக்குச் சிலருக்குப் பிறவியிலேயே சிவப்பு, பச்சை வேறுபாடு சரியாகத் தெரியாது. காரணமான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் பெண்களிடம் இது மிக அரிது. பச்சையைப் பழுப்பு என்றோ, ஊதாவை நீலம் என்றோ ஒரு பையன் திரும்பத் திரும்பச் சொன்னால் கவனமில்லாதவன் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அவன் தன் கண்ணுக்குத் தெரிவதை நேர்மையாகச் சொல்கிறான். ஜப்பானிய மருத்துவர் இஷிஹாரா 1917இல் வெளியிட்ட புள்ளிப்பட அட்டைகள் கண் மருத்துவமனைகளில் இன்றும் இருக்கின்றன, சோதனை சில நிமிடங்களில் முடிந்துவிடும். நிறக்கலவை விளையாட்டின்போதுதான் இது முதன்முதலாக வெளிப்படும் வாய்ப்பு அதிகம். பெற்றோரிடம் மென்மையாகச் சொல்லுங்கள்.

செய்முறையில் நான் வற்புறுத்துவது ஒன்றே ஒன்று. கலப்பதற்கு முன் என்ன வரும் என்று பிள்ளையைச் சொல்லவிடுங்கள், அதை ஒரு தாளில் வண்ணப் பென்சிலால் தீட்டி வைக்கச் சொல்லுங்கள், பிறகு கலக்கட்டும். வந்த நிறத்தைப் பக்கத்தில் தீட்டட்டும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் தாளை அழிக்கவோ திருத்தவோ வேண்டாம். பெரியவர்களாகிய நாம் அவசரப்பட்டு விடையைச் சொல்லிவிடுகிறோம், அதிலும் விருந்தாளி முன்னால் பிள்ளையின் அறிவைக் காட்ட வேண்டுமென்றால் கேட்கவே வேண்டாம். “மஞ்சளும் நீலமும் சேர்ந்தா என்ன கண்ணு?” என்று கேட்டு, “பச்சை” என்று பதில் வாங்கிக் கைதட்டுகிறோம். அடுத்த முறை அப்படிக் கேட்கும்போது, “எதுல கலக்கணும் பாட்டி? அரிசியிலயா, தண்ணியிலயா, லைட்லயா?” என்று பிள்ளை திருப்பிக் கேட்டால் அந்தப் பிள்ளைக்குத்தான் கைதட்ட வேண்டும்.

நம் தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். தீபாவளி முடிந்ததும் மிஞ்சுகிற வண்ண அரிசியைக் குப்பையில் கொட்டாமல் மூடிபோட்ட டப்பாக்களில் நிறவாரியாகச் சேர்த்து, பாலர் வகுப்புக்குக் கொடுங்கள். பள்ளி வேலியோரம் நாலு சங்குப்பூ விதையை ஊன்றுங்கள். இந்த ஊர் வெயிலுக்கும் மழைக்கும் அது ஏறக்குறைய இரண்டே மாதத்தில் பூக்கத் தொடங்கிவிடும், பிறகு ஆண்டு முழுவதும் வகுப்புக்கு நீலம் இலவசம்.